ஐலாவும் நிற்காத வண்டிகளும்

சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளை ஐலா கொர்பி இரண்டிரண்டாகச் சேர்த்து நெரித்துக்கொண்டே சக்கரத்தைச் சுற்றி வருகிறாள். ஒன்று தொளதொளவென்று இருந்துவிட்டால் போதும், உதடு கோணும். "எந்தப் புண்ணியவான் கட்டுன சக்கரம் இது?" என்பாள். பதிலுக்காகக் கேட்பதில்லை. வண்டிக்காரனைத் திட்டுவதற்கு முன் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறாள், அவ்வளவுதான்.

எங்கள் துலூத் ஊரே ஏரியை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் சைக்கிளுக்கு எஞ்சின் மாட்டுகிறவர்கள் முதலில் கேட்பது என்ன வேகம் போகும் என்றுதான். நிற்குமா என்று கேட்கிற ஒரு ஜீவன் உண்டா? எஞ்சின் சங்கிலி ஓடுகிற பல்சக்கரத்தை, பின்சக்கரத்தின் ஒல்லிக் கம்பிகளுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் துண்டை வைத்து, அந்தக் கம்பிகளோடேயே சேர்த்து முடுக்கிவிடுவார்கள். பத்தாம் நாள் நாலு கம்பி போயிருக்கும். அறுபத்திரண்டு வயது ஐலா, வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் சைக்கிள் பழுதுபார்த்துக்கொண்டே இருபது வருடமாக இதைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் அலுக்கவில்லை. அவள் இடது முழங்காலுக்குள் ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. ஒரு காலத்தில் இதே சரிவில், ஒரு லொட்டைப் பிரேக்கை நம்பி இறங்கியதற்குக் கிடைத்தது. அதைப் பற்றி மட்டும் பேச மாட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வென்டல் ரஸ்க் வந்தான். புகையில் வாட்டிய மீன் விற்கிறவன். மூன்று சக்கர சைக்கிள், பின்னால் ஐஸும் மீனுமாக ஒரு பெரிய பெட்டி, முன் சக்கரத்தில் புத்தம் புது மோட்டார். மறுநாள் ஏரிக்கரையில் கோடைத் திருவிழா.

"பிரேக் கொஞ்சம் கிறீச்சுங்குது, ஐலா. அஞ்சு நிமிஷத்துல பாத்துக் குடு."

ஐலா குனிந்து முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள்.

"பின்னாடி பிரேக் எங்கடா?"

"வாங்குறப்பவே இல்ல."

"முந்நூறு பவுண்டு பாரத்த ரெண்டு ரப்பர் கட்டையா பிடிச்சு நிறுத்தும்? மோட்டார் வாங்கத் தெரிஞ்சுதே, அப்ப புத்தி எங்க போச்சு?"

"ரெண்டு வாரமா ஓட்டிட்டுத்தானே இருக்கேன்!"

"மேல மட்டமான தெருவுல ஓட்டியிருப்ப, நாளைக்குச் சரிவுல இறங்கணும்ல. ரெண்டு சக்கரம்னா வளைவுல சாயும். இது சாயுமா? வளைக்கிறப்ப மொத்த பாரமும் சக்கரத்தப் பக்கவாட்டுல ஒடிக்கும். தடிச்ச கம்பி போடணும், கனமான அச்சு போடணும், பின்னாடி ரெண்டுக்கும் டிரம் பிரேக் வைக்கணும். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா! நாளைக்கு விக்கலன்னா இந்த வருஷமே எனக்குப் போச்சு. மெதுவா இறங்கிக்கிறேன், தாயே."

"மெதுவா இறங்குறதுக்கும் பிரேக்குதான்டா வேணும், மடையா! சரிவோட அடியில யாரு நிப்பாங்கன்னு தெரியுமா? ஐஸ்கிரீமுக்கு வரிசையில நிக்கிற புள்ளைங்க."

வென்டலின் முகம் சிவந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் திருப்பினான். "என் வண்டி, என் உசுரு. உனக்கென்ன வந்துது?"

ஐலாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சுவரில் தொங்கிய கம்பிவெட்டியை எடுத்தாள். மடங்காத காலை நீட்டிக்கொண்டு பின்சக்கரம் ஒன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டக். ஒரு கம்பி. டக். இன்னொன்று.

"ஏய்! ஏய்! பைத்தியமா உனக்கு?" வென்டல் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பதினைந்தாவது கம்பியிலேயே சக்கரம் கோணி, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஐஸ் தண்ணீர் தரையில் ஓடியது.

ஐலா மேசையைப் பிடித்து எழுந்தாள். நொண்டி நொண்டிக் கதவுப் பக்கம் போய், ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துவந்து அவன் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

"மீனை என் டிரக்குல ஏத்து. அதுக்கு நாலு சக்கரத்துலயும் பிரேக் இருக்கு."