மாமா வாங்கிய ஜோடிப் பெட்டி

கள்ளக்குறிச்சியில் ஸ்டீரியோ வைத்திருக்கிற எந்த வீட்டிலும் போய்க் கேளுங்கள், எந்தப் பெட்டிக்கு எந்த ஆம்பிளிபயர் என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஸ்பீக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் மலையேறி, வெள்ளிமலை வரைக்கும் போய் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். நான் மாட்டிய செட்டு இதுவரை புகைந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் என்றாலும் தப்பில்லை, நானாகக் கற்றுக்கொண்டது.

ஆனால் என் கண்ணால் முதலில் பார்த்த செட்டு, புகைந்த செட்டு. அது என் மாமாவுடையது.

மாமா அம்மாவுக்குத் தம்பி. போர் போடுகிற லாரியில் வேலை. ஊர் ஊராகப் பாறையைத் துளைத்துவிட்டு, தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவார். தாய் தகப்பன் இல்லாதவர் என்பதால் அவருக்கு ஒரு கல்யாணத்தைச் செய்து பார்க்கிற பொறுப்பு அம்மாவுடையது. கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் அமைந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மாமா லாரிக்குப் போகும்போதுகூடத் தலைவாரிக்கொண்டு போனார்.

அடுத்தது பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வர வேண்டும். பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், அதாவது நம் வீட்டில் சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பேச்சை விட இலைக்குத்தான் மரியாதை.

அந்த நாளுக்காகவே மாமா சென்னையிலிருந்து அப்போது சிறுவனாயிருந்த என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஆம்பிளிபயர் மட்டும் உள்ளூரில் யாரோ சேர்த்துக் கட்டியது, டிபன் பாக்ஸ் அளவு. சின்ன ஆம்பிளிபயர் பெரிய பெட்டியை என்ன செய்துவிடும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கும் என்னிடம் வருகிறவர்கள் இதையேதான் சொல்கிறார்கள். நோஞ்சான் மாட்டைப் பார வண்டியில் பூட்டித் தார்க்குச்சியால் குத்தினால் அது நேராக இழுக்காது, திமிறி நுகத்தடியை ஒடிக்கும். சக்தி பத்தாத ஆம்பிளிபயரும் அப்படித்தான். கடைசி வரைக்கும் திருகினால் சத்தம் உடையும், உடைந்த சத்தம் பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கரின் காயிலை, அதாவது கம்பிச்சுருளை, கருக்கிவிடும்.

மாமா கடைசி வரைக்கும் திருகுகிறவர். “பத்தலடா, இன்னும் வெக்கணும்” என்பார். எனக்கோ நெஞ்சே அதிரும்.

“காது கிழியுது, கம்மி பண்ணுடா” என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து கத்துவாள். மாமா திரும்ப மாட்டார். “கூப்ட்டா திரும்புறானா பாரு. நாலு ஊரு பாத்துட்ட திமிரு.”

பெண்ணின் அப்பா தன் பங்காளிகளோடு வந்து உட்கார்ந்தார். மாமா பாட்டுப் போட்டார். ஆம்பிளிபயர் முன்னால் குனிந்து நின்ற அவர் முதுகைப் பார்த்துப் பெண்ணின் அப்பா கேட்டார்: “ஏங்க மாப்ள, இப்படியே லாரில சுத்திக்கினு இருப்பீங்களா, ஊரோட வந்துடுவீங்களா?”

மாமா இன்னும் கொஞ்சம் திருகினார். பெண்ணின் அப்பா குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டார். மாமா மறுபடியும் திருகினார். இடது பெட்டி கரகரத்தது, கீச்சென்றது, கருகல் நாற்றம் வந்தது. என் அப்பா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

வீடு அமைதியானது. அந்த அமைதியில் பெண்ணின் அப்பா, “இன்னா மாப்ள, கேட்டுக்கினே இருக்கறேன், பதிலக் காணோமே” என்றார். மாமா பெட்டியை முகர்ந்துகொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “வூடெல்லாம் நல்லாத்தான் கீது. சொல்லியனுப்பறோம்.”

“எல போட்டாச்சிண்ணா, ஒரு வாய் சாப்டுட்டுப் போங்கண்ணா.” அம்மா வாசல்வரை கெஞ்சிக்கொண்டு போனாள்.

“இருக்கட்டும்மா.”

திரும்பி வந்த அம்மா மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “பெரிய மனுசன் கேட்டா வாயத் தொறக்க மாட்டியா? அவ்ளோ கொழுப்பாடா உனக்கு?” மாமா அவள் முகத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். யார் எதைக் கேட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. அப்பா, எல்லாம் அந்தப் பாழாய்ப்போன ஆம்பிளிபயரால் வந்தது என்றார். நானும் அதையே நம்பினேன். ஒரு கல்யாணத்தையே கெடுக்கிற சாமானை ஒரு கை பார்க்க வேண்டும் என்றுதான் பிற்பாடு இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

அதன்பிறகு மாமா பெண் பார்க்கவே விடவில்லை. போர் லாரியின் பக்கத்தில் நின்று நின்று அவருக்குக் காது போய்க்கொண்டிருந்ததை அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் அறியவில்லை. அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்று கடைக்கு வருகிறவர் சத்தம் பத்தவில்லை என்றால் நான் உடனே வாட்ஸ் பார்ப்பதில்லை. அவர் பின்னால் போய் நின்று மெதுவாக ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

பெண் வீட்டார் எழுந்துபோன அன்று சாயங்காலம் மாமா கருகிய பெட்டியை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை மட்டும் மாட்டினார். அம்மாவுக்குப் பயந்து சத்தத்தை மிகவும் கம்மியாக வைத்தார்.

“பாடுதாடா?” என்றார், என் வாயையே பார்த்துக்கொண்டு.

“பாடுது மாமா.”

கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டத் தொடங்கினார். கேசட் ஓடி முடிந்து டேப் நின்றது. மாமாவின் தலை நிற்கவில்லை. நல்ல பாட்டென்றால் பெரியவர்களுக்கு முடிந்த பிறகும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது என்று நினைத்து, அவரைக் கலைக்காமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.