நான்கு வருஷம் குளிரில் இருந்தவள்

என் பிள்ளைகள் இருவரும் ஒரே நாளில் உருவானவர்கள். ஆனால் இரட்டையர் இல்லை. மூத்தவனுக்கு ஐந்தரை வயது, இளையவளுக்கு ஒன்றரை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இதைச் சொன்னால் விரல் மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். இறங்கும் ஸ்டேஷன் வரை அவருக்குப் பொழுது போகும்.

கல்யாணமாகி ஏழு வருஷம் ஒன்றும் நடக்காமல், செகந்திராபாதில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனைக்குப் போனோம். என் விந்தணுக்களுக்கு நீந்தத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார்கள். எனக்கும் நீச்சல் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. குடும்ப வழக்கம் என்று விட்டுவிட்டேன். ஆய்வகத்தில் அவற்றை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றி முட்டைக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். கடைசியில் இரண்டு கருக்கள் தேறின. ஒன்றை ஐந்தாம் நாள் மனைவியின் வயிற்றில் வைத்தார்கள். அவன்தான் மூத்தவன். இன்னொன்றைத் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்தார்கள்.

அதன்பிறகு வருஷத்துக்கு ஒரு படிவம் வரும். தொடர்ந்து வைத்திருக்கலாமா என்று கேட்பார்கள். "இந்த ஒருத்தனையே சமாளிக்க முடியல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். இப்படி நான்கு வருஷம் போனபிறகுதான் அதை எடுத்து வயிற்றில் வைத்தார்கள்; இளையவள் பிறந்தாள். அந்தக் கையெழுத்துகள் பிறகு என்னை என்ன பாடுபடுத்தின என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒரு பேட்ச் மாத்திரை தயாரானதும் கொஞ்சத்தை எடுத்து, வெப்பநிலை மாறாத பெட்டிகளில் பூட்டிவைப்போம். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு என்று எடுத்துப் பார்த்து, கெட்டுப்போயிருக்கிறதா என்று முதல் நாள் எடுத்த அளவோடு ஒப்பிடுவோம். பதினாறு வருஷமாக நான் செய்வது இந்த ஒன்றைத்தான். இப்படிப்பட்ட ஆளுக்கு, ஒரே பேட்சில் ஒன்று உடனே வெளியே போய், இன்னொன்று குளிரில் கிடந்து, பிள்ளைகளாகப் பிறந்தால் அவன் என்ன செய்வான்?

நோட்டுப் போட்டேன். இடது பக்கம் மூத்தவன், வலது பக்கம் இளையவள். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பிடித்துக்கொண்டு நின்றது எல்லாம் தேதியோடு. நோட்டு ஆபீஸ் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருக்கும். மனைவிக்குத் தெரியாது.

அந்த மருத்துவமனையில் பழக்கமானவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் எல்லா வகைப் பெற்றோரும் இருந்தார்கள். விந்தணுவை நேரே கருப்பையில் செலுத்திப் பெற்றவர்கள், தட்டில் தானாகச் சேரவிட்டுப் பெற்றவர்கள், எங்களைப் போல ஊசி போட்டவர்கள், இரவல் முட்டையில் பெற்றவர்கள், உறைந்த கருவில் பெற்றவர்கள். குழுவின் கோமாளி நான். 'எங்கள் வீட்டு ஐஸ்கிரீமுக்கு இன்று முதல் பல்' என்று போட்டு ஐம்பது சிரிப்பு வாங்குவேன். அதே விரலால், மற்ற உறைந்த குழந்தைகள் எப்போது நடந்தார்கள், எப்போது பேசினார்கள் என்று பழைய செய்திகளையெல்லாம் தோண்டிக்கொண்டிருப்பேன்.

நடப்பதில் தகராறு இல்லை. பதின்மூன்றாம் மாதம் நடந்தாள். பேச்சுதான் வரவில்லை. இடது பக்கம் பதினைந்தாம் மாதத்தில் மூத்தவனுக்குப் பன்னிரண்டு சொல். வலது பக்கம் பதினேழாம் மாதத்தில் மூன்று: 'அம்மா', 'ப்பா', 'மம்மம்'. 'அப்பா'வில் 'அ' இல்லாததால் நியாயமாகப் பார்த்தால் அது இரண்டரைதான். சம்பந்தப்பட்டவன் நான் என்பதால் சலுகை கொடுத்தேன்.

ஆபீஸில் பெட்டியைத் திறந்து மாத்திரைகளை எடுக்கும்போது கை நின்றுவிடும். கெட்டால் முதலில் எது கெடும்? நிறமா, எடையா, கரையும் வேகமா? வீட்டுக்கு வந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சாவியை ஆட்டுவேன். சில சமயம் திரும்புவாள். சில சமயம் திரும்பமாட்டாள். இது ஐந்தாறு நாள் நடந்தபின், தினமும் ஏன் சாவியை ஆட்டுகிறேன் என்று மூத்தவன் தன் தக்கனி இந்தியில் கேட்டான்:

"டாடி, டெய்லி சாவி கைக்கு பஜா ரஹே?"

"சும்மாடா."

"அவளுக்குப் போர் அடிக்குது."

எங்கள் வீட்டில் இன்னொரு வினோதமும் இருந்தது. இளையவள் பிறந்த நாளிலிருந்து படுக்கையறை ஏசியைப் போட மனைவி விடவே இல்லை. ஹைதராபாத், அல்வாலில் மே மாதம், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு. கேட்டால் "குழந்தைக்கு ஆகாது" என்பாள். ஒரு நாள் நான் ரிமோட்டை எடுத்தபோது, என் கையிலிருந்து வாங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அவள் குஷாய்குடாவில் ஒரு பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு அதிகாரி. நாள் முழுக்க ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்து வருகிறவள், வீட்டில் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். நானும் பனியனைப் பிழிந்துகொண்டு பேசாமல் இருந்தேன். பதில் தெரிந்துகொள்ளும் தைரியம் இல்லாத இடத்தில் நான் கேள்வி கேட்பதில்லை.

பதினெட்டாம் மாதத் தடுப்பூசிக்கு இருவருமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். தெலுங்குக்கார அம்மாள், கண்டிப்பானவர். ஊசி முடிந்ததும் மனைவி, "மேடம், இவ பேச்சு..." என்று ஆரம்பித்தாள். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். உணர்ச்சிவசப்பட்டு, தோளில் மாட்டியிருந்த ஆபீஸ் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து நோட்டை உருவி மேஜைமேல் வைத்துவிட்டேன்.

டாக்டர் புரட்டினார். மனைவியும் எட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கம், இரண்டு தலைப்பு: 'ஃப்ரெஷ்', 'ஃப்ரோஸன்'. அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் வியர்த்தது.

"மூணே சொல்லா?" டாக்டர் தெலுங்கும் ஆங்கிலமுமாகக் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். "நாயைப் பார்த்தா என்ன சொல்றா?"

"குக்கான்னு சொல்வா. அது தெலுங்கு மேடம். அதனால சேர்க்கல."

"சேர்க்கலையா?"

"வீட்டுல தமிழ்தான்னு எங்க ரூல். பையன் பன்னெண்டும் தமிழ்ல சொன்னான். ஒப்பிடணும்னா ஒரே மாதிரி..."

"பால் வேணும்னா?"

"பாலு."

"வேண்டாம்னா?"

"பகல்ல பாத்துக்கற ஆயாகிட்ட வத்து. அண்ணன்கிட்ட நக்கோ." சொல்லும்போதே என் குரல் இறங்கியது. நோட்டில் பின்பக்கம் 'நிராகரிக்கப்பட்டவை' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். எதையும் அடித்துத் தூக்கிப்போடாமல் பதிவுசெய்வது எங்கள் தொழிலின் நியதி. டாக்டர் அதையும் கண்டுபிடித்து, பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினொன்று.

"பதினொண்ணும் மூணும் பதினாலு. எந்த மொழியா இருந்தா என்ன, குழந்தை சொன்னா அது சொல்தான்." பிறகு இடது பக்கத்தைப் பார்த்தார். "இவன் இந்த வயசுல யார்கூட இருந்தான்?"

கொரோனாவில் ஊரே அடைத்துக்கிடந்த காலம். நாங்கள் இருவரும் வேறு வேலையில்லாமல், வேறு மனித முகம் பார்க்காமல், காலையிலிருந்து இரவு வரை அவனிடம் தமிழ் பேசியே பொழுதைக் கழித்தோம். இவளோ பகல் முழுவதும் தெலுங்கு ஆயாவிடம், சாயங்காலம் தக்கனி இந்தி பேசும் அண்ணனிடம், மீதிக் கொஞ்ச நேரம் சாவி ஆட்டும் அப்பாவிடம். இரண்டு மாதிரிகளை வெவ்வேறு நிலைமையில் வைத்துவிட்டு ஒப்பிட்டால் எங்கள் கம்பெனியில் சீட்டுக் கிழிப்பார்கள். பதினாறு வருஷ அனுபவசாலிக்கு இது தோன்றவில்லை.

"அப்போ அந்தத் தொட்டி, உறையவெச்சது..." என்றேன்.

"பேச்சு தாமதம்னு வந்தா நான் முதல்ல தொட்டியைக் கேட்கமாட்டேன். காது கேட்குதான்னு கேட்பேன். அதை ஒருமுறை பார்த்துடுங்க. எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்க தூங்கணுமே, அதுக்காக."

பரிசோதனைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் மனைவி என்னோடு பேசவில்லை. நானே என்னோடு பேசிக்கொண்டிருந்தேன். பதினாலு சொல் என்பது ஆறுதல்தான். ஆனால் சாவிக்குத் திரும்பாத அந்தச் சில சமயங்கள்?

காது பார்க்கும் இடத்தில் குழந்தை அசையாமல் இருக்க வேண்டும் என்றார்கள். அவள் மனைவியின் மடியில் தூங்கிப்போனாள். என்னால்தான் முடியவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது, பேனா விழுந்தது, தொண்டையைக் கனைத்தேன். அங்கிருந்த பெண், "சார், ஆப் பாஹர் பைட்டியே" என்று வெளியே அனுப்பிவிட்டாள். தாழ்வாரத்தில் சுவரில் ஒரு பெரிய காதுப் படம். அதன் வளைவுகளுக்குள் கண்ணால் போய்ப் போய்த் திரும்பி வந்தேன். கதவு திறந்தது. மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு காதும் கேக்குது."

"நல்லா?"

"நல்லா. உங்க சாவிச் சத்தம் உட்பட."

ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டாள். "ஃப்ரோஸன்னு எழுதி வெச்சிருக்கீங்க. உறைய வெச்சது என் தப்புன்னு நினைச்சீங்களா?"

"சேச்சே. தள்ளிப்போட்டது நான்தானே. நாலு கையெழுத்தும் என்னோடது."

"ரெண்டு பேரும்தான் போட்டோம். கீழ என் கையெழுத்தும் இருக்கு. நீங்க பாக்கறதே இல்ல."

ஆட்டோ குதித்தது. குழந்தையின் தலையைக் கையால் தாங்கிக்கொண்டாள். பிறகு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "நாலு வருஷம் அந்தக் குளிர்ல தனியா இருந்தா. அதான் நான் ஏசி போடல. முட்டாள்தனம்னு தெரியும். இருந்தாலும் போடல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது வேறு மாதிரி முடியும் போலிருந்ததால், ஆட்டோக்காரரிடம் வழி சொல்கிற சாக்கில் முன்னால் குனிந்துகொண்டேன்.

அன்று மதியம் மனைவி ரிமோட்டைத் தேடி எடுத்தாள். அரிசி ஒட்டிக்கொண்டிருந்ததைத் தட்டினாள். இருபத்தெட்டில் வைத்தாள். இயந்திரம் ஒன்றரை வருஷத்துத் தூசியோடு இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. இளையவள் கட்டில்மேல் நின்று அண்ணாந்து பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்தோம். காற்று முகத்தில் பட்டதும் கையை நீட்டி, "நக்கோ" என்றாள்.

"போட்டதே தப்பு" என்று மனைவி ரிமோட்டுக்குத் தாவினாள்.

"அம்மா, ருகோ. நக்கோன்னா சும்மா சொல்வா. சாக்லேட்டுக்கும் நக்கோதான் சொல்வா" என்று தடுத்தான் மூத்தவன். அவன் சொன்னது சரி. இரண்டு நிமிஷத்தில் அவள் ஏசிக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு, "இங்கா" என்றாள். தெலுங்கில் 'இன்னும்' என்று அர்த்தம். பட்டியலில் இல்லாத சொல்.

கை தானாக ஆபீஸ் பைக்குப் போனது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். கையை எடுத்துவிட்டேன்.

பிறகு பாத்ரூமுக்குப் போய், உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.