அண்ணன் வைத்த முற்றுப்புள்ளி

ஆயுதக் கப்பலில் சரக்கு ஏற்ற மாட்டோம் என்று துறைமுகச் சங்கம் அறிவித்த மறுநாளே, சங்கத்தின் செய்திக் கணக்கை நடத்திவந்த வெளிநாட்டுக் கம்பெனி அதை முடக்கிவிட்டது. நானூறு பேருக்கு இனி எப்படித் தகவல் சொல்வது? சங்கத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கை அசரவில்லை. மூலையில் கிடந்த பழைய கணினியைத் தூசி தட்டி, மூன்றே நாளில் செய்தி அனுப்பச் சங்கத்துக்கென்று சொந்தமாக ஒரு சர்வரை ஓடவிட்டாள். கிரேன் ஓட்டும் அண்ணனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்தான், ஆனால் கையெழுத்து அச்சுக் கோத்தாற்போல் இருக்கும். உள்ளே நுழைவதற்கான பாஸ்வேர்டை நானூறு சீட்டிலும் அவரே எழுதிக் கொடுத்தார்.

நாலாம் நாள் காலை கப்பல் கண்ணில் பட்டது. ஒருவராலும் சர்வருக்குள் நுழைய முடியவில்லை.

"என்னம்மா, உன் மிஷின் எங்களையே கருங்காலின்னு நினைக்குதா?" என்றார் வெல்டர் ஒருவர்.

தங்கை சீட்டை வாங்கிப் பார்த்தாள். "அண்ணா, கடைசியில என்ன புள்ளி?"

"முற்றுப்புள்ளிம்மா. எழுதினா முடிச்சு வைக்கணும்ல?" சொல்லும்போதே தப்பு புரிந்து, அண்ணன் பேனாவை எடுத்தார். "நானூறையும் இப்பவே திருத்திடறேன்!"

"சீட்டு இருக்கட்டும்ணா. இது நம்ம மிஷின். யாரையும் கேக்காம இதையே திருத்திக்கலாம்."

சர்வரில் இருந்த பாஸ்வேர்டின் கடைசியில் அவள் ஒரு புள்ளியைச் சேர்த்தாள். சீட்டில் உள்ளபடியே எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். கப்பலை யாரும் தொட வேண்டாம் என்ற செய்தியோடு நானூறு ஃபோன்களும் அடுத்தடுத்து மணியடித்தன.

"என் தங்கச்சிடா!" என்று அண்ணன் போட்ட கூச்சல் கப்பலுக்கே கேட்டிருக்கும்.