பரமத்தி வேலூர் கிரில் கடையில் ஒரு வெள்ளிக்கிழமை

எனக்கும் ஒரு கோழிக்கடைக்கும் பதினோரு வருஷமாகப் பகை. கடைக்காரருக்கு இந்தப் பகை தெரியாது. நானும் கடையைக் கண்ணால் பார்த்ததில்லை. சேலத்திலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, பரமத்தி வேலூரில், காவிரிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பாரின் முன்புறத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கரியடுப்பில் கோழி வாட்டிக் கொடுக்கிற கடை அது.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் போர்வெல் வண்டியில் ஆபரேட்டர். ரிக் வண்டி என்றால்தான் எங்கள் பக்கம் புரியும். அவருடைய முதலாளியின் ஷெட், வேலூருக்குக் கொஞ்சம் முன்னால், பரமத்தியில் இருந்தது. சத்தீஸ்கரோ ராஜஸ்தானோ போய் இரண்டு மூன்று மாதம் துளை போட்டுவிட்டு வண்டி திரும்பும். ஷெட்டில் வண்டியை நிறுத்தியதும் ஆட்கள் எல்லோரும் நேராக அந்தக் கடைக்குத்தான் போவார்கள். இங்கே நான் காலையிலேயே கறி வாங்கி வந்து, அரைத்து, குழம்பு வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். மனுஷன் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து சேருவார். "கொஞ்சமாப் போடு பிலோமி, வயிறு ரொம்பியிருக்கு" என்பார். எனக்கு எப்படி இருக்கும்?

இப்போது அவர் தான்சானியாவில் துளை போடுகிறார். போய் இரண்டு வருஷம் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கம்பெனி கேட்கிறது. கையெழுத்துப் போடுவதா, ஊருக்கு வருவதா என்று இந்த மாதத்துக்குள் அவர் சொல்லியாக வேண்டும். நான் அழுது பார்த்தேன். பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் "பாக்கலாம், பாக்கலாம்" என்றே பதில் வந்தது. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் போனில் கத்திவிட்டேன். "ஊர்ல எதுவுமே உங்களுக்கு ஞாபகம் வரலியா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வேலூர் கிரில்லு. அந்தப் பொகை வாசம் கனவுல கூட வருது."

பெண்டாட்டி ஞாபகம் இல்லை. பெண்டாட்டி வைத்த குழம்பும் இல்லை. புகை வாசமாம்!

ஒரு வாரம் வயிறெரிந்துகொண்டு கிடந்தேன். பிறகு புத்தி வேலை செய்தது. நான் அழுதால் வராத மனுஷன் கோழிக்கு வருவாரென்றால், கோழியைக் காட்டியே இழுப்போமே. கடைக்கே போய் உட்கார்ந்து, அடுப்புக்கு எதிரிலிருந்து வீடியோவில் கூப்பிட வேண்டியது. அவர் வேலை செய்யும் இடத்தில் வெள்ளிக்கிழமை மதியத்தோடு வேலையை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் நீளமாகப் பேசிக்கொள்வது வாரத்தில் அந்த ஒரு நாள்தான். நான் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். அந்த வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் கரூர் பஸ் ஏறினேன். டிக்கெட் அறுபது ரூபாய். கொண்டலாம்பட்டி தாண்டும் வரை நெரிசல், மல்லூருக்கு அப்புறம் காற்று. வெயில் என்றால் அப்படியொரு வெயில். ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் எல்லாம் கடந்தபோது வழி நெடுக நீளநீளமான கோழிப் பண்ணைகள் வந்தன. கோழியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிற நாள் அது. நாமக்கல்லில் மலைக்கோட்டை தெரிந்தது. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளில் வெல்டிங் பொறி பறந்தது. அங்கே பத்து நிமிஷம் பஸ் நின்றது. காலைத் தாங்கித் தாங்கி ஏறிய ஒரு அம்மா, மடியில் வெற்றிலைக் கூடையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கீங்க போறீங்க?" என்றார்.

"வேலூருங்க."

"சொந்தக்காரங்க ஊடுங்களா?"

"இல்லீங்க. பாலத்துக்கிட்ட கிரில் கடைக்கு."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். "பார் கடைக்கா? ஒத்தையிலயா போறீங்க?"

"ஆமாங்க."

கீரம்பூர் தாண்டிய பிறகு என் காதருகே குனிந்து, "எங்கூட்டுக்காரரும் அங்கதான் கெடப்பாரு. செவப்புத் துண்டு போட்டிருப்பாரு. பாத்தா ஊட்டுக்குப் போகச் சொல்லுங்க சாமி" என்றார்.

பரமத்தியைத் தாண்டினால் நிலம் மாறிவிடுகிறது. வறண்ட மேட்டுக்காடு முடிந்து வாழையும் கரும்பும் தொடங்குகின்றன. அகத்தி மரங்களின் நிழலில் வெற்றிலைக் கொடிக்கால்கள் இருண்டு கிடக்கின்றன. பஸ்ஸுக்குள்ளேயே ஈரக்காற்று வந்தது. வேலூரில் இறங்கி, வெற்றிலைக்கார அம்மா கை காட்டிய திசையில் நடந்தேன். கடையைத் தேட வேண்டிய வேலையே இல்லை. புகை வாசம் தானே வந்து கூட்டிப்போயிற்று. அவர் கனவில் வருகிற வாசம் இதுதானா என்று இன்னொரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

இத்தனை வருஷம் நான் மனதில் கட்டி வைத்திருந்த கடை பெரியது, விளக்கும் கண்ணாடியுமாக இருந்தது. நேரில் பார்த்தால் தகரக் கூரை, சிமெண்ட் தரை, ஏழெட்டு பிளாஸ்டிக் மேசை. ஒரு ஓரமாகப் பின்பக்கத்து பாருக்குப் போகிற கதவு. முன்னால், நீளவாக்கில் வெட்டிய இரும்பு டிரம்மில் கரித் தணல். அதன் மேல் கம்பி வலை, வலையில் இரண்டாகப் பிளந்த கோழிகள். மாஸ்டர் ஐம்பது வயதுக்காரர். வாழைமட்டையின் நுனியை நசுக்கிப் பிரஷ் மாதிரி ஆக்கி, எண்ணெயில் தோய்த்துக் கோழி மேல் தடவிக்கொண்டிருந்தார். பூண்டும் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் அரைத்துப் போட்ட எண்ணெய். தணலில் சொட்டுகிற ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு புகை எழுந்தது.

"பார்சலுங்களா அம்மணி?" என்றார் நிமிராமலே.

"இல்லீங்க. உக்காந்து சாப்பிடணும்."

இப்போது நிமிர்ந்தார். பொம்பளைகள் இந்தக் கடையில் வாங்குவதுண்டு, உட்காருவது கிடையாது. நான் ஒரு மேசையில் போய் உட்கார்ந்ததும் கடையே அடங்கிப்போயிற்று. ஒருவர் பாட்டிலை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். ஒருவர் டம்ளரைத் தினசரித் தாளால் மூடினார். மூலையில் ஒரு சிவப்புத் துண்டு. "உங்களை ஊட்டுக்கு வரச் சொன்னாங்க" என்றேன். அந்த மனுஷர் எந்த வீடு, யார் சொன்னது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து போயே போய்விட்டார். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். "கடை பள்ளிக்கூடமாட்ட ஆயிப்போச்சுங்கண்ணா" என்றது ஒரு குரல்.

இன்னார் என்று மாஸ்டரிடம் சொன்னேன். அவர் பெயர் ரங்கசாமி.

"அட, நம்ம ரிக்கு ஆரோக்கியத்து ஊட்டுக்காரம்மாங்களா! மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?" மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "கோழியில கழுத்துத்துண்டு கருகலாக் கேப்பாரு. இன்னமும் அப்படித்தானுங்களா?"

என் பதினோரு வருஷத்துக் கேள்வியை அவரிடமே கேட்டுவிட்டேன். "மூணு மாசம் கழிச்சு வர்ற ஆளுங்க, வீட்டுக்குப் போகாம மொதல்ல இங்க ஏனுங்க வராங்க?"

"கோழிக்குன்னு நெனைச்சீங்களா? தண்ணிக்குங்க." கடைக்குப் பக்கவாட்டில் கையைக் காட்டினார். மோட்டார் போட்ட சிமெண்ட் தொட்டி ஒன்று, அதன் விளிம்பில் சோப்புப் பெட்டி. "தலையெல்லாம் பாறைத்தூசி, கையெல்லாம் கிரீஸு. இவங்களப் பாத்தா நமக்கே ஆள் அடையாளம் தெரியாதுங்க. இந்தக் கோலத்துல போனா ஊட்டுல பயந்துக்குவாங்கன்னு உங்காளு சொல்லுவாரு. குளிச்சு, துணி மாத்தி, கோழி வேகற நேரத்துல ஒரு தூக்கம் போட்டு, மனுசனா ஆனப்புறந்தான் பஸ்ஸு ஏறுவாரு."

நான் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும்போது அவர் மேல் எப்போதும் சோப்பு வாசம் அடிக்கும். மூன்று மாதப் பயணக்காரர் எப்படி இவ்வளவு சுத்தமாக வருகிறார் என்று ஒரு தடவையாவது நான் யோசித்திருப்பேனா? அந்த நிமிஷம் அவரைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. போனில் இல்லை. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில், ஈரத் தலையோடு, எதிரில் பார்க்க வேண்டும்.

அரைக் கோழி இருநூற்று நாற்பது ரூபாய். வாழையிலையில், நறுக்கிய வெங்காயத்தோடும் எலுமிச்சைத் துண்டோடும் வந்தது. கழுத்துத்துண்டு கருகலாக. உடனே போனைப் போட்டேன். இங்கே மணி நாலு, அங்கே ஒன்றரை. கண்டெய்னர் அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கறுத்துப் போயிருந்தார்.

"எங்க இருக்க? சத்தமா இருக்கு."

நான் போனை அடுப்புப் பக்கம் திருப்பினேன்.

"ஏய். அது ரங்கசாமி அண்ணன் அடுப்புதான?"

"ஆமா."

"கிட்டக் கொண்டு போ. சொட்டற சத்தம் கேக்கணும்."

கொண்டு போனேன். மாஸ்டர் போனுக்குள் எட்டிப் பார்த்து, "எப்பங்க வாரீங்க?" என்றார். என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். திட்டம் பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"பிலோமி, ஒரு துண்டு பிச்சு வாயில வை. நான் பாக்கறேன்."

கழுத்துத்துண்டைப் பிய்த்தேன். சூட்டில் விரல் சுட்டது. வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். போனுக்குள்ளிருந்து ஒரு அலறல்.

"பிலோமி! இன்னிக்கு வெள்ளிக்கெழம!"

"தெரியுமே, அதனாலதான போன் போட்டேன்."

"தவக்காலம்டி!"

கையிலிருந்த துண்டு இலையில் விழுந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம்; அதன் வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குச் சுத்தபோசனம், கறி கூடாது. சாயங்காலம் கோவிலில் சிலுவைப் பாதை. எனக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்து இதில் தவறியதே இல்லை. இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை என்றால் இவர் போன் வருகிற நாள் என்று ஆகிப்போனது. வேறு எந்த வெள்ளியும் என் தலையில் இல்லை.

"நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சியும் பயறும்."

அவர் அங்கிருந்து கோழியைப் பார்த்தார். நான் இங்கிருந்து பார்த்தேன். அத்தனை தூரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பசியோடு இரண்டு பேர், நடுவில் ஒரு கோழி. யாரும் தொட முடியாது. இருவரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். அவர் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! அந்தச் சிரிப்போடு சிரிப்பாகவே கேட்டுவிட்டேன்.

"வந்துருங்க. ஈஸ்டருக்கு ரெண்டு பேரும் இங்க வந்து முழுக் கோழி சாப்பிடலாம். கையெழுத்துப் போடாதீங்க."

அவர் சிரிப்பு நின்றது.

"நேத்தே போட்டுட்டேன் பிலோமி." கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஊர்ல நம்ம பழைய மொதலாளி வண்டிய வித்துட்டாரு. அங்க வந்து நான் யார் வண்டிய ஓட்டறது? கையக் கட்டிக்கிட்டு வீட்டுல உக்கார என்னால ஆகாது. உனக்கும் அது தெரியும்."

எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் கிளம்புவதற்கு ஒரு நாள் முன்னாலேயே எல்லாம் முடிந்திருக்கிறது. நல்ல சேலை கட்டி, ஊரெல்லாம் தாண்டி வந்தது தண்டம். கத்த வேண்டும் போல் இருந்தது. சுற்றிலும் ஆம்பளைகள். கண் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"அழாத பிலோமி," என்றார். "பார்ல உக்காந்து அழுதா, குடிச்சிட்டு அழுவுறன்னு நெனைப்பாங்க."

அழுகையோடு சிரித்துத் தொலைத்தேன். "பத்திரமா இருங்க" என்றேன். அவர் தலையாட்டினார். படம் நின்றது.

கடையில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. தெரியாத மாதிரி இருப்பதற்கு அத்தனை பேரும் பாடுபட்டார்கள். மாஸ்டர் வந்து கோழி இலையை எடுத்துப் பக்கத்து மேசைக்குக் கொடுத்தார். "மீனு ஆகுங்களா உங்களுக்கு இன்னிக்கு?" என்றார்.

"ஆகுங்க. கறிதான் கூடாது."

ஆற்று ஜிலேபி மீன், முழுசாக, அதே எண்ணெய் தடவி, தோல் மொறுமொறுப்பாக வந்தது. நூற்றிருபது ரூபாய். காலையில் குடித்த டீயோடு இருந்த வயிறு. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. மனுஷன் பொய் சொல்லவில்லை. என் குழம்பில் இந்த ருசி வராது, ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் நான் மேசையில் தனியாகச் சாப்பிடும்போது டிவியைப் போட்டுக்கொள்வேன். இங்கே சுற்றி இருந்தவர்களின் பேச்சு போதுமானதாக இருந்தது.

ஒரு பக்கம் தீர்ந்து நடுமுள் தெரிந்ததும் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு மீன்தான் பொரிப்பேன். ஒரு பக்கம் எனக்கு, மறுபக்கம் அவருக்கு. அவர் பக்கத்தை நான் தொட்டதே கிடையாது. அவர் போன பிறகு முழு மீன் வாங்குவதையே விட்டு, துண்டு மீனாக வாங்கிக்கொண்டிருந்தேன். இலையில் அந்தப் பாதி மீனைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாஸ்டர் வந்து நின்றார். "மிச்சத்தப் பார்சல் கட்டட்டுங்களா அம்மணி?"

யாருக்கு என்று கட்டிக்கொண்டு போவது?

"வேண்டாங்க," என்றேன். மீனைத் திருப்பிப் போட்டேன். அவர் பக்கத்தையும் தின்றேன்.