இடது கை வளையல்

கோடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் அத்தா பிச்சை முகம்மதுவின் மூத்த மகள் ஆமினா, என் அக்கா. பொறாமைப்படுகிறவள் என்று அவளை யாரும் சொல்ல மாட்டார்கள். சண்முகவள்ளியின் கைக்கடிகாரத்தை அவள் பார்த்த பார்வை எனக்கு மட்டும் தெரியும்.

இருவரும் கான்வென்டில் ஒரே பெஞ்சு. வள்ளி, அட்டுவம்பட்டியில் ஒரு பங்களாத் தோட்டக்காரரின் மகள். பள்ளி முடிந்ததும் டைப் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து சர்க்கார் புக் கீப்பிங் பரீட்சைக்குச் சேர்ந்தே படித்தார்கள். அத்தாவுக்குக் கண் மங்கிய நாளிலிருந்து கடைப் பேரேட்டை எழுதி வந்தவள் ஆமினா. வள்ளி பேரேட்டின் அட்டையைக்கூடத் தொட்டதில்லை.

ஐம்பத்தெட்டில் மதுரைக்குப் போய் எழுதினார்கள். வள்ளி தேறிவிட்டாள். ஆமினா தேறவில்லை.

வள்ளிக்கு ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் வேலை கிடைத்தது. சம்பளம் வந்ததும் கடிகாரம் வாங்கினாள். அதன்பின் பஜாரில் யார் அவளிடம் மணி கேட்டாலும் அன்றைக்கு ஆமினாவுக்குச் சோறு இறங்காது. எங்கள் அம்மா ரஹ்மத் பீவிக்கு இது புரியவில்லை.

"அந்தப் புள்ள வெள்ளனே குளிச்சிட்டு ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டுப் போறா பாரு, ஆபீசர் கணக்கா!"

"ஸ்வெட்டர் போட்டாப் பாஸாயிரலாம்னா நம்ம கடை மூட்டைக்கும் போட்டு விடுங்க" என்பாள் ஆமினா.

அடுத்த தடவையும் தோற்றாள். ஏன் என்பதுதான் அவளை அரித்தது. எழுதிய கணக்கு எதுவும் இடித்ததில்லை. கூட்டினால் இருபக்கமும் சரியாகவே நின்றது. பிறகு கடையில் பருப்புக்கும் புளிக்கும் விலை கூட்டும்போதுகூட மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தாள். தனக்குக் கணக்கே வராது, அத்தா பாசத்தில் பொறுத்துக்கொள்கிறார் என்று நம்பத் தொடங்கினாள்.

பழனியில் வத்தல் வியாபாரம் செய்த சம்சுல் ஆலம் தன் மகனுக்கு அவளைப் பெண் கேட்டிருந்தார். அந்த வீட்டில் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கம் இல்லை.

"இன்னொரு தரம் எழுதிப் பாருத்தா" என்றார் அத்தா. "அதுக்கு மேல அவுகளுக்கு என்னால சாக்குச் சொல்ல முடியாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வள்ளி கடைக்கு வந்தாள். ஓட்டலுக்கு வாங்கிய சாமான்களின் பாக்கியைச் சரிபார்க்க வேண்டுமாம். ஆமினா பேரேட்டை அவள் முன்னால் தள்ளிவிட்டு, மிளகாயைப் பிரிப்பதுபோல் திரும்பி நின்றாள். வள்ளி பக்கத்தைப் பார்த்தாள். சிரித்தாள்.

"ஏடி ஆமினா, இந்தக் கணக்குப்படி நீங்கதான் எங்க ஓட்டலுக்குக் காசு தரணும்!"

"கண்ணத் தொறந்து பாரு. எடப்பக்கம் நீங்க குடுத்த வரவு. வலப்பக்கம் நீங்க வாங்குன பற்று."

"பற்று எடப்பக்கம்ல வரணும்? எல்லாம் தலைகீழாக் கெடக்கு. பரீட்சையிலயும் இப்பிடித்தான் எழுதுனியா?"

ஆமினா திரும்பினாள். மிளகாய்க் கையோடு அப்படியே நின்றாள்.

தமிழ்ப் பேரேட்டில் வரவு இடப்பக்கம், பற்று வலப்பக்கம். இங்கிலீஷ் கணக்கில் நேர்மாறு. அது அவளுக்கு மனப்பாடம். ஆனால் பரீட்சையில் நேரம் நெருக்கும்போது, பத்து வயதிலிருந்து பழகிய கை தன் வழியே போயிருக்கிறது. பக்கம் மாறினாலும் கூட்டல் மாறாதே. அதனால் அவளுக்குத் தெரியவே இல்லை. வள்ளிக்கோ மறக்க வேண்டியது எதுவுமே இருந்ததில்லை. அன்று ஆமினாவின் பொறாமை இரண்டு மடங்காயிற்று.

மூன்றாம் முறை மதுரைக்குக் கிளம்பியபோது வலது கை வளையல்களைக் கழற்றி வைத்தாள்.

"இதென்னடி கோலம்? வெறுங்கையோட போறியே!" என்று அம்மா பதறினார்.

"வளையல் இருக்கிற பக்கம் பற்றும்மா. வெரசா விடுங்க, பஸ்ஸு போயிரும்."

தேறினாள். பழனிக்கு அத்தா வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார். அதன் பிறகும் அவள் வலது கையில் வளையல் போடவில்லை.

ஒரு வருடம் வேலை எதுவும் வரவில்லை. பெண்பிள்ளை என்று இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். அறுபத்தொன்றில் ஒட்டன்சத்திரத்து மண்டி ஒன்று, பூண்டி கிராமத்து வெள்ளைப்பூண்டை வாங்க எங்கள் பஜாரில் கிளை திறந்தது. மண்டியில் தமிழ்ப் பேரேடு. ஆடிட்டருக்கோ இங்கிலீஷ் கணக்கு வேண்டும். இரண்டும் எழுதத் தெரிந்த ஆளைத் தேடினார்கள். ஓட்டலைவிடச் சம்பளம் அதிகம். வள்ளியும் மனுப் போட்டாள். மண்டி முதலாளி அவள் முன் ஒரு பேரேட்டை விரித்து வைத்தாராம், அவ்வளவுதான்.

வேலை ஆமினாவுக்குக் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு வள்ளி வீட்டுக்கு வந்தாள். டீயை ஆறவிட்டபடி ஆமினாவின் இடது கையையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கள் வீட்டிலேயே பல வருடம் பார்த்திருக்கிறேன்.

"ஒனக்கென்னடி, கடையிலயே பொறந்தவ" என்றாள் வள்ளி. "எனக்கும் அந்தத் தமிழ்க் கணக்கக் கொஞ்சம் சொல்லிக் குடேன்."

"அதுக்கென்ன, சொல்லித் தாரேன். சீசன் முடியட்டும்" என்றாள் ஆமினா, அவ்வளவு இனிமையாக.

எந்த வருடத்துச் சீசன் என்று அவள் சொல்லவில்லை.