தூசியாரின் இடது கை

அவரைத் தூசியார் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். மோட்டார் சைக்கிளே ஊருக்குப் புதிதாக இருந்த காலம் அது. மண்பாதைப் பந்தயங்களில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவர் முதுகைக்கூடப் பார்த்ததில்லை, தூசியைத்தான் தின்றார்கள். தோற்றவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயரை அவர் கடைப் பலகையிலேயே எழுதிப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம், திங்கட்கிழமை வியாபாரம். ஜெயித்த வண்டியைக் கழுவாமல், சேறும் புழுதியுமாகக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்துவார். "பளபளன்னு இருந்தா பொம்மைன்னு நினைச்சுடுவாங்க" என்பார். பக்கத்தில் விற்பனைக்குப் புது வண்டிகள் வரிசையாக நிற்கும். வாங்க வருகிறவர்களை லேசில் விட மாட்டார். பின்பக்க மைதானத்தில் மூன்று நாள் ஓட்டவைத்து, செய்ய வேண்டியதையெல்லாம் விரல்விட்டு எண்ணி ஒப்பிக்கச் சொல்லித்தான் வண்டியைக் கொடுப்பார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரே அவரிடம் இரண்டு முறை பெயிலானார்.

புது வண்டிகளில் எஞ்சினுக்கு எண்ணெய் தானாகப் போய்விடும். பழைய மாதிரியான அவருடைய பந்தய வண்டியில் அந்த வசதி கிடையாது. பெட்ரோல் டாங்கின் இடது பக்கத்தில் ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும். இரண்டு மைலுக்கு ஒருமுறை அதைக் கையால் அமுக்கி எண்ணெய் அனுப்ப வேண்டும். மறந்தால் எஞ்சின் காய்ந்து இறுகும். ஓடுகிற ஓட்டத்தில் பின்சக்கரம் நின்றுவிடும். தூசியார் மறந்ததே இல்லை, ஏனென்றால் அவர் அதை நினைத்ததே இல்லை. மனைவியைப் பின்னால் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே ஓட்டுவார்; இடது கை தன்பாட்டுக்குப் போய்க் குமிழை அமுக்கிவிட்டு வரும். சாப்பிட உட்கார்ந்தால் மேஜை விளிம்பைக்கூட அமுக்கும்.

"சாப்பாட்டுக்கும் எண்ணெய் விடணுமா?" என்று மனைவி கேலி செய்வாள்.

மனைவிக்கு ஒரே தம்பி. தாய் இல்லாத பிள்ளை, அக்கா இடுப்பிலேயே வளர்ந்தவன். தந்தி ஆபீசில் வேலை. ஒரு வருஷமாக மாமாவின் கடையிலிருந்து புது வண்டி ஒன்றை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தான். தூசியார் தன் கடைசிப் பந்தயத்தில் ஜெயித்த மறுநாள் கடைக்கு வந்து நின்றான்.

"மாமா, இனிமே நீங்க ஓட்டப்போறதில்லைன்னா இந்த வண்டி எனக்குத்தான். வேற எவன் கைக்கும் போகக் கூடாது."

தூசியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே கொடுத்தார். எண்ணெய் டாங்கைத் தன் கையால் விளிம்புவரை நிரப்பினார். பிரேக், செயின், சக்கரக் காற்று எல்லாம் தொட்டுப் பார்த்தார். வீட்டுப் பிள்ளைக்கு எதற்குப் பாடம் என்று ஒப்பிக்கச் சொல்லவில்லை. மனைவி வாசலுக்கு வந்து, "மெதுவா போடா" என்று கையசைத்தாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

எட்டாவது மைலில், இறக்கத்தில், வண்டி அவனைத் தூக்கி எறிந்தது.

அவனை ஆஸ்பத்திரிக்கும் வண்டியைக் கடைக்கும் கொண்டுவந்தார்கள். கடை மெக்கானிக் பின்சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. எண்ணெய் டாங்கின் மூடியைத் திறந்தார். விளிம்புவரை ஊற்றிய எண்ணெய் ஒரு சொட்டும் குறையாமல் அப்படியே இருந்தது. அப்போதுதான் தூசியாருக்கு உறைத்தது. பார்வை பித்தளைக் குமிழுக்குப் போயிற்று.

மெக்கானிக் மூடியைத் திருகி மூடினார். "ரோட்டுல கல்லு கிடந்திருக்கும்ணே" என்றார், தூசியார் முகத்தைப் பார்க்காமல்.

ஆஸ்பத்திரியில் மைத்துனன் கண் திறந்திருந்தான். மார்பு முழுக்கக் கட்டு. அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, வண்டிக்கு ரொம்ப அடியா? நான்தான் பிரேக்கை முரட்டுத்தனமா போட்டுட்டேன் போல. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

"அது இல்லடா..." என்று ஆரம்பித்தார்.

"அவனைப் பேச வைக்காதீங்க" என்றாள் மனைவி.

நான்கு நாள் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் கிடந்தார். சொல்ல வேண்டியது நெஞ்சுக்குழிவரை வரும், டாக்டரோ நர்ஸோ வருவார்கள், உள்ளே போய்விடும். எப்பேர்ப்பட்ட வளைவுக்கும் உடம்பை ஒரு பக்கம் சாய்த்துத் தப்பித்தவர். இங்கே எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியவில்லை. ஐந்தாம் நாள் காலை அவன் போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் மனைவி ஒன்றையே சொன்னாள்: "பிரேக்கைத் தப்பாப் போட்டுட்டானாம், அவனே சொன்னான்." ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுக்கொண்டு அவர் தலையைக் குனிந்துகொள்வார். பேசாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தார், பொய் சொல்வானேன். மெக்கானிக் வாய் திறக்க மாட்டார். ஆனால் அவளோடு ஒரே கூரைக்குக் கீழே எத்தனை வருஷம் தலையைக் குனிந்துகொள்வது?

ஒரு மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள். இடது கை போய் மேஜை விளிம்பை அமுக்கியது. அவள் பார்த்தாள். கேலி செய்யவில்லை. அவரால் அதற்குமேல் முடியவில்லை.

"பிரேக் இல்லை. எண்ணெய். அமுக்கணும்னு அவனுக்கு நான் சொல்லவே இல்லை."

"தெரியும்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"பத்து வருஷம் உங்க பின்னாடி உக்காந்து வந்திருக்கேன். அந்தக் கை போய்ட்டுப் போய்ட்டு வர்றதைப் பாக்காத நாளில்லை. அன்னைக்கு வாசல்லதானே நின்னேன். எனக்கும்தான் வாயில வரலை."

அவள் திட்டியிருந்தால், கையில் இருந்த தட்டை அவர்மேல் வீசியிருந்தால் தாங்கியிருப்பார். கை மறுபடியும் விளிம்புக்குப் போயிற்று. அவள் எட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்குள்ளேயும் அது அமுக்கிக்கொண்டே இருந்தது.