சினைக் குதிரைக்குக் காற்று மறைத்த தலைவர்

லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருமுனைக் காலி சைட்டில் ரஹீம் பாயின் கல்யாண ஊர்வலக் குதிரை நிற்கிறது. சினையாக இருக்கிறது.

இந்தக் குளிருக்குப் பாய் கோணி போர்த்திப் பார்த்தார். அது உதறித் தள்ளிவிட்டது. எனவே காற்று வரும் பக்கம் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டினார். எங்கள் வார்டின் வருங்காலத் தலைவர் தன் பிறந்தநாளுக்கு, கும்பிட்டபடி நிற்கும் படத்தைப் போட்டு வைத்த பேனர் அது.

இன்று காலை தலைவரே நேரில் வந்தார்.

"என்ன பாய், என் மூஞ்சிய வச்சு குதிரைக்குக் கொட்டாய் போட்டிருக்க? கழட்டு."

"கழட்டிடறேண்ணா. ஆனா காத்து நேரா அதும்மேல அடிக்கும். காத்த மறைச்சா போதும், வைக்கோல் தின்னே உடம்பு சூடாயிடும் அதுக்கு."

அதற்குள் டீக்கடையில் நாலைந்து செல்போன்கள் உயர்ந்துவிட்டன. தலைவரின் குரல் கனிந்தது.

"பாவம், வாயில்லா ஜீவன். இருக்கட்டும். ஆனா ரோட்ல போறவன்லாம் சிரிக்கிறான். படத்த உள்பக்கமா திருப்பிக் கட்டு."

பாய் திருப்பிக் கட்டினார். தலைவர் திருப்தியோடு கிளம்பினார்.

குதிரைகள் காற்று வரும் பக்கம் பின்புறத்தைக் காட்டித்தான் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இப்போது அது அவருடைய மீசையில் சுகமாகப் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

குட்டிக்குப் பெயர் வைக்கும் பொறுப்பைப் பாய் என்னிடம் விட்டிருக்கிறார். யோசனை சொல்லுங்கள். தலைவரின் பெயர் மட்டும் வேண்டாம். குட்டி நாளைக்கு உழைத்துச் சாப்பிட வேண்டும்.